‘எனக்கு வராது’ என்பதும் மந்திரம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வு நெருங்கினாலே பிள்ளைகளைக் கண்ணாடி முன் நிற்கவைத்து ‘நான் வெற்றியாளன்’ என்று நூறு முறை சொல்லவைக்கிறார்கள். இது புதிதல்ல. நூறு வருடங்களுக்கு முன்பே பிரான்ஸில் எமில் கூவே என்ற மருந்தாளுநர், ‘நாளுக்கு நாள் எல்லா வகையிலும் மேம்பட்டு வருகிறேன்’ என்று காலையும் இரவும் 20 தடவை முணுமுணுக்கச் சொன்னார், எண்ணிக்கை தவறாமலிருக்க 20 முடிச்சு போட்ட கயிறுகூட வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆனால் 2009-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோஆன் வுட் குழுவினர் செய்த ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது மனம் இன்னும் சோர்ந்துதான் போனது. மனசு நம்பாததை வாய் எத்தனை முறை சொன்னால் என்ன?

என் மகள் பத்தாம் வகுப்பில் தினமும் ‘எனக்குக் கணக்கு வராது’ என்பாள். அதுவும் மந்திரம்தானே, நாமே கவனிக்காமல் ஜபிக்கிற மந்திரம்! ‘நான் கணக்கில் புலி’ என்று சொல்லவைத்தேன், அழுதுவிட்டாள். அப்புறம் அதை ‘இன்னும் வரவில்லை, முதல் வரியை எழுதுவோம்’ என்று மாற்றினோம். தன்னைத்தானே பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினால் பதற்றம் குறைகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் எழுதியதைப் படித்துவிட்டு அதையும் சேர்த்துக்கொண்டாள். இப்போது படிக்கிற அறையிலிருந்து அவள் பேரை அவளே சொல்லி ‘பொறு, அடுத்த வரி’ என்பது சமையலறை வரை கேட்கிறது.

பெற்றோர்களே, தயவுசெய்து பிள்ளை நம்பக்கூடிய வாக்கியத்தைக் கொடுங்கள்.

ஒரு வாசகி, தேனி