தடைக்காலத்தை மழைக்காலத்துக்கு மாற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் காரைக்குடி வாசகர் ஒருவர், இப்போது சித்திரை, வைகாசியில் வருகிற மீன்பிடித் தடைக்காலத்தை ஐப்பசி, கார்த்திகைக்கு மாற்றச் சொல்லி எழுதியிருந்தார். புயல், மழை என்று அப்போது படகுகள் எப்படியும் கரையில்தானே கிடக்கின்றன என்பது அவர் வாதம். சித்திரையில் சங்கரா விற்கிற விலைக்கு எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் என் வீட்டு அலமாரியில் இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன.

தேவகோட்டையில் ஆசிரியராக இருந்தபோது, மனைவியின் பழைய வாயில் சேலையைப் புனல் போலத் தைத்து, நுனியில் மருந்து பாட்டிலைக் கட்டி, மாணவர்களோடு திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பையன்கள் அதை அரை மணி நேரம் இழுத்தார்கள். அது மே மாதம். பாட்டிலில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் ரவையைவிடச் சிறிய பொட்டுகள் விட்டு விட்டுத் துள்ளின. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒற்றைக் கண், இரண்டு நீள மீசை, சிலவற்றின் வாலோரம் முட்டைப் பை. பாடத்தில் வருகிற கோப்பிபாட் என்ற சின்ன மிதவை உயிர்தான். பொரித்து வந்த மீன்குஞ்சுகள் பலவற்றுக்கு முதல் சோறு இவையும் இவற்றின் குஞ்சுகளும்தான். (நாம் கத்தரிக்காயில் போடும் கூனியும் இந்த மிதவைக் கூட்டத்தில் சேர்த்திதான், கொஞ்சம் பெரிய ஆள்.)

நவம்பர் கடைசியில் அதே இடத்தில் இழுத்தோம். வண்டலும் கடற்புல் துணுக்கும்தான் வந்தன; துள்ளுவதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. வடகிழக்குப் பருவமழையில் நம் கண்மாய்கள் மறுகால் பாய்ந்து ஓடுகிற தண்ணீர் பாக் விரிகுடாவில்தான் விழுகிறது. கரையோரம் ஆழம் குறைவு, அதனால் உப்பு சட்டென்று இறங்கிவிடும். கலங்கிய நீரில் வெயில் இறங்காது, நுண்பாசி வளராது, அதைத் தின்பவையும் குறைந்துவிடும். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு, அதே மழைநீர் கொண்டுவந்த சத்தில் பாசி பெருகும். பின்னாலேயே இவையும் பெருகிக் கோடையில் நிறைந்திருக்கும். பல மீன்கள் முட்டையிடுவதும் அந்தச் சமயத்தில்தான்.

2017-க்கு முன் 45 நாளாக இருந்த தடை, இப்போது ஏப்ரல் 15 முதல் 61 நாள். விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு மீன் அப்போதும் வருகிறது. படகு சும்மா கிடக்கிற மாதம் பார்த்துத் தடை போட்டால் குஞ்சுக்கு என்ன லாபம்?

சரி, இரண்டு பாட்டிலை வைத்துக்கொண்டு நான் சட்டம் பேசக் கூடாது. தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. ஒரு நிருபரை அனுப்பி, மாதவாரியாக இந்த மிதவை உயிர்களின் கணக்கைக் கேட்டு வெளியிடுங்கள். காரைக்குடி வாசகர் வந்தால் பாட்டில்களைக் காட்டுகிறேன். நவம்பர் பாட்டிலில் மூடி கொஞ்சம் கசிகிறது, ஃபார்மலின் நெடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
தேவகோட்டை