பி.எட். மாணவர்களை முதல் நாளே வகுப்புக்குள் அனுப்பாதீர்கள்

தமிழ்நாட்டின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் வழிகாட்டி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டுதோறும் பி.எட். இரண்டாமாண்டு மாணவர்கள் அனுமதிக் கடிதத்தோடு உங்கள் அறை வாசலில் வந்து நிற்கிறார்கள். அன்று பார்த்து இரண்டு ஆசிரியர்கள் விடுப்பில் இருப்பார்கள், ஒரு பணியிடம் ஜூன் முதலே காலியாகக் கிடக்கும். "மேத்ஸ் மேஜர் யாரும்மா? எட்டு பி-க்குப் போங்க" என்று சொல்லிவிடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாங்கள் கல்வியியல் கல்லூரிகளில் கற்பித்தல் முறைப் பாடங்களை நடத்துகிறவர்கள். அந்த ஒரு வாக்கியத்தை முதல் வாரம் மட்டுமாவது சொல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. பள்ளியில் இருக்க வேண்டிய காலம் மொத்தம் 20 வாரம்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. நிரந்தர ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பயிற்சி மாணவர் உட்கார்ந்து கவனிக்கும் ஒரு வாரமும் இதற்குள் அடக்கம். கல்லூரி வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90 வேண்டும். வாரத்துக்கு 5 நாள் என்றால் 16 வாரத்துக்கு 80 நாள், அதில் 72 நாள் வந்தாக வேண்டும். அந்த வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவது நீங்கள். வராத நாளுக்குக் கையெழுத்துக் கேட்டு வருகிறவரை, கல்லூரியின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், திருப்பி அனுப்புங்கள்.

அவர்கள் கல்லூரியிலிருந்து எதைக் கொண்டு வருகிறார்கள் என்பது தெரிந்தால், எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதும் தெரியும். பியாஜே, வைகாட்ஸ்கி போன்ற குழந்தை உளவியலாளர்களின் பெயர்கள் தெரியும். நுண்ணிலைக் கற்பித்தல் (மைக்ரோ டீச்சிங்: ஒரே ஒரு திறனைச் சில நிமிடம் மட்டும் நடத்திப் பழகுவது) செய்திருப்பார்கள். அதன் ஒரு சுற்று 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. பாடத்தைத் தொடங்கும் திறன், கிளர்வினாத் திறன் (துருவிக் கேட்டு விடையை வரவழைப்பது), வலுவூட்டும் திறன் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பழகிப் பார்க்க நல்ல முறைதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சக மாணவர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்கும் பட்டதாரிகள். அவர்களுக்கு விடை முன்பே தெரியும், கடைசி பெஞ்சில் கிள்ளிக்கொள்ள மாட்டார்கள், ஆறாவது நிமிடத்தில் மணி அடித்துவிடும். 45 பேர் இருக்கும் வகுப்பில் 45 நிமிடம் நின்ற அனுபவம் பெரும்பாலோருக்குக் கிடையாது.

முதல் வாரம் கவனிக்கும் வாரம். "பின்னால உட்கார்ந்து பாருங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டாவது பாடவேளையிலேயே ரெகார்டு நோட்டுக்குப் பூக்கோலம் போட ஆரம்பித்துவிடுவார்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள். வகுப்பின் இருக்கை வரைபடத்தைக் கட்டம் கட்டமாக ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. மூன்று நாள் செய்தால் போதும், முன் இரண்டு பெஞ்சும் கோடுகளால் நிறைந்திருப்பதும் ஜன்னலோர வரிசை காலியாக இருப்பதும் அவர்களுக்கே தெரிந்துவிடும். அடுத்து, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று எண்ணச் சொல்லுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் விடைகள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். உங்கள் வகுப்பை இப்படி எண்ணுவது உங்களைக் குறை சொல்வதாகாது என்பதை வழிகாட்டி ஆசிரியர் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பயிற்சி மாணவரின் பேனா நடுங்காது.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் பாடவேளையில் ஒரு பகுதியை மட்டும் கொடுங்கள். முன்னறிவைச் சோதிக்கும் ஐந்து நிமிடம், கடைசி மதிப்பீட்டுக் கேள்விகள், அல்லது ஒரு செய்முறை விளக்கம். அறிவியல் மாணவருக்குச் செய்முறை கொடுத்தால் முந்தின நாளே ஒருமுறை செய்து பார்த்தாரா என்று கேளுங்கள். மெக்னீசிய நாடாவை உப்புத்தாளால் தேய்க்காமல் எடுத்து வந்து, தீப்பிடிக்காமல் வகுப்பின் முன் தவிப்பது வழக்கமாக நடப்பதுதான். மேலே படிந்த ஆக்சைடு படலம்தான் காரணம் என்பது அவருக்குத் தேர்வுத்தாளில் தெரியும், கையில் தெரியாது.

நான்காம் வாரத்திலிருந்து ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரு முழு அலகு என்று கொடுங்கள். இன்றைக்கு எட்டு பி, நாளைக்கு ஏழு ஏ, மறுநாள் ஆறு சி என்று சுற்ற விட்டால் முதல் நாள் பாடத்தையே பத்துமுறை நடத்தியவராகத்தான் திரும்பிப் போவார். நேற்று தான் நடத்தியது இன்று எந்த அளவுக்குப் பிள்ளைகளிடம் நிற்கிறது என்ற கேள்வியே அவருக்கு எழாது. அந்தக் கேள்வியை எழுப்பத்தான் இந்த 16 வாரமும்.

கணிதத்தில் (a+b)² முற்றொருமையை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி மாணவர் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு கணக்குப் போட்டுக் காட்டி, "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது மிஸ்" என்று வகுப்பே கத்தும். அவரும் மகிழ்ந்து அடுத்த முற்றொருமைக்குப் போய்விடுவார். இந்த இடத்தில் வழிகாட்டி ஆசிரியர் ஒன்று செய்ய வேண்டும்: (x+3)² மதிப்பு என்ன என்று எல்லாரையும் நோட்டில் எழுதச் சொல்லி, வரிசை வரிசையாக நடந்து, x²+9 என்று எழுதியவர்களை எண்ணிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். நிச்சயம் ஒரு கூட்டம் இருக்கும். அதன்பின் பக்கம் 10 செ.மீ. உள்ள சதுர அட்டை ஒன்றை 7, 3 என்று இரு பக்கமும் பிரித்து வெட்டச் செய்யலாம். 7-இன் வர்க்கம் 49, 3-இன் வர்க்கம் 9, கூட்டினால் 58. முழு அட்டையோ 100. மிச்சம் 42 எங்கே என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். 7-க்கு 3 அளவில் இரண்டு செவ்வகத் துண்டுகள் மேசைமேல் கிடப்பதை ஏதாவது ஒரு பிள்ளை தூக்கிக் காட்டும். 2ab வந்துவிட்டது. கேள்விக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் நிற்கக் கற்பதுதான் பயிற்சி. கல்லூரியில் அதைச் சொல்லித்தான் தர முடியும், பழக்க முடியாது.

தமிழ்ப் பாடத்தில் இதே சிக்கலுக்கு வேறு முகம். செய்யுளை ஒருமுறைகூட இசையோடு படிக்காமல், பிள்ளைகளையும் படிக்க விடாமல், நேரே பொருள் எழுதிப்போட ஆரம்பித்துவிடுவார்கள். கோனார் உரை இருக்கும்போது அதற்கு ஓர் ஆசிரியர் எதற்கு?

பத்தாம் வகுப்பைத் தர நீங்கள் தயங்குகிறீர்கள். பொதுத்தேர்வு, தேர்ச்சி விழுக்காடு, மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டிய பதில். இந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் பயிற்சி உயர்நிலை வகுப்புகளுக்கும் சேர்த்துத்தான் என்பதால் ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே 16 வாரத்தையும் முடித்து அனுப்புவதும் சரியில்லை. ஒன்பதாம் வகுப்பு முழு அலகுக்கு ஏற்றது. பத்தாம் வகுப்பில் மெல்லக் கற்கும் மாணவர்களில் ஐந்தாறு பேரை மாலையில் அரைமணி நேரம் ஒப்படையுங்கள். ஒவ்வொருவரும் எந்தப் படியில் தடுக்கி விழுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது முழு வகுப்பை நடத்துவதைவிடக் கடினம், அதிகம் கற்றும் தரும். உங்கள் ரிசல்ட்டுக்கும் கெடுதல் இல்லை.

பாடக்குறிப்பைப் பற்றி. 45 நிமிடப் பாடவேளையில் வருகைப் பதிவு, நோட்டு எடுப்பது, முந்தின வேளை ஆசிரியர் தாமதமாக வெளியேறுவது எல்லாம் போக 38 நிமிடம் கிடைத்தால் பெரிது. பயிற்சி மாணவரின் பாடக்குறிப்போ 45 நிமிடத்துக்கு எழுதப்பட்டிருக்கும். மணி அடிக்கும்போது வெட்டுப்படுவது எப்போதும் கடைசியில் இருக்கும் மதிப்பீடுதான். எனவே குறிப்பை முந்தின நாளே வாங்கிப் பாருங்கள், மதிப்பீட்டுக் கேள்விகளை நடுவிலும் தூவச் சொல்லுங்கள். கலர் பேனாவால் பார்டர் போட்டு, போன வருடத்து ரெகார்டைப் பார்த்து அப்படியே எழுதிய குறிப்பை அடையாளம் காண்பது சுலபம்: வகுப்பில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் உங்கள் பள்ளியில் இல்லாத எண்ணிக்கை இருக்கும். காசு கொடுத்து எழுதி வாங்கும் வழக்கமும் இருக்கிறது. அழகான ரெகார்டைவிட, அடித்தல் திருத்தலோடு, பக்க ஓரத்தில் "இது ஓடவில்லை, நாளை மாற்ற வேண்டும்" என்று எழுதிய ரெகார்டுக்கு நாங்கள் அதிக மதிப்பெண் தருவோம். தராத கல்லூரியிடம் ஏன் என்று கேளுங்கள்.

உங்கள் குறிப்புரைக்கும் இதே அளவுகோல்தான். "நன்று", "சிறப்பு", கீழே கையெழுத்து என்றால் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. இரண்டே வரி போதும். கண்ணால் கண்ட ஒன்று: "12ஆம் நிமிடத்தில் நீங்களே கேள்வி கேட்டு நீங்களே விடை சொன்னீர்கள்." நாளைக்கு மாற்ற வேண்டிய ஒன்று: "கரும்பலகைக்கு முதுகு காட்டாமல் ஓரமாக நின்று எழுதுங்கள்." ஒரே நாளில் ஏழெட்டுக் குறை சொன்னால் ஒன்றும் மாறாது. பிள்ளைகள் எதிரில் திருத்தாதீர்கள். சூத்திரமே தவறாகப் போனால் மட்டும் குறுக்கிடுங்கள். ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு இரண்டு பேருக்கு மேல் கொடுத்தால் இந்த இரண்டு வரிகூட எழுத நேரமிருக்காது.

பயிற்சி மாணவர் தான் நடத்திய பாடத்தில் வைக்கும் அடைவுத் தேர்வை 14ஆம் வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். வினாத்தாள் திட்ட அட்டவணை எல்லாரும் போடுவார்கள், ஒவ்வொரு வினாவும் எப்படி இருந்தது என்று பார்க்கும் வினாப் பகுப்பாய்வில்தான் எண்களை இட்டுக்கட்டுவார்கள். சரிபார்க்க வழி எளிது. 40 பேர் எழுதினால் மதிப்பெண் வரிசையில் மேலே 27 விழுக்காடு, கீழே 27 விழுக்காடு, அதாவது 11 பேர், 11 பேர். ஒரு வினாவுக்கு மேலே 9 பேரும் கீழே 4 பேரும் சரியாக எழுதினால் 22-இல் 13, கடினக் குறியீடு (சரியாக எழுதியவர்களின் பங்கு) 0.59. வேறுபாடு 5, அதை 11-ஆல் வகுத்தால் பாகுபாட்டுக் குறியீடு (மேல்குழுவையும் கீழ்க்குழுவையும் வினா எந்த அளவு பிரித்துக் காட்டுகிறது என்பது) 0.45. நல்ல வினா. கீழ்க்குழு மேல்குழுவைவிட அதிகமாகச் சரி செய்திருந்தால் முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள், அதில்தான் பெரும்பாலும் தவறு இருக்கும். விடைத்தாள்களைக் கேளுங்கள். தாள் இல்லாமல் அட்டவணை மட்டும் இருந்தால் தேர்வே நடக்கவில்லை என்று பொருள். அந்தத் தேர்வின் மதிப்பெண்ணை வகுப்பின் அலகுத் தேர்வாகவே ஏற்றுக்கொண்டால் இன்னொரு நன்மை உண்டு. பி.எட். மிஸ்ஸுக்கு மார்க் போடும் அதிகாரம் இல்லை என்பதைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுகிறார்கள், வகுப்பு கட்டுக்குள் நிற்காததற்கு அது ஒரு பெரிய காரணம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவரை "கணித ஆசிரியர்" என்று அறிமுகம் செய்யுங்கள், பாதி வேலை முடியும்.

கட்டுக்குள் நிற்காத வகுப்பில் பிரம்பைத் தேடுவது புதியவர்களுக்குத் தோன்றும் முதல் வழி. உடல்ரீதியான தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்சி மாணவர் மட்டும் அல்லர். வழிகாட்டி ஆசிரியர் ஓய்வறையில் இருக்க, வகுப்பை முழுதாக அவரிடம் விடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

காலிப் பணியிடம் உங்கள் குற்றமில்லை. ஆள் இல்லாத வகுப்புக்குப் பயிற்சி மாணவரை அனுப்பியே ஆக வேண்டிய நிலை வரும். அப்போதும் ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு, அவருடைய மேஜர் பாடத்தில், ஒரே வகுப்புக்கு, முந்தின நாள் யாராவது ஒருவர் பாடக்குறிப்பைப் படித்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள். ஆங்கில மேஜர் மாணவியைச் சமூக அறிவியலுக்கு அனுப்பினால் புத்தகத்தை வாசிக்கத்தான் செய்வார், அதற்கு வகுப்புத் தலைவரே போதும்.

எங்கள் பக்கம் கல்லூரிகளிடமிருந்து நீங்கள் உரிமையோடு கேட்டு வாங்க வேண்டியவையும் உண்டு. யார் யார், எந்த மேஜர், தமிழ் வழியா ஆங்கில வழியா என்ற பட்டியல் ஒரு மாதம் முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் எத்தனை நாளை விழுங்கும் என்று கணக்கிட்டுத் தேதி குறித்திருக்க வேண்டும். முறைப் பாட ஆசிரியர் கடைசி நாள் மதிப்பெண் போட மட்டும் வராமல், நான்காம் வாரத்துக்குள் ஒருமுறையாவது வந்து ஒரு முழுப் பாடவேளை உட்கார்ந்து பார்க்க வேண்டும். வராவிட்டால் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னால் மறந்துவிடுவோம்.

16ஆம் வாரத்தில் வகுப்பைத் திருப்பி ஒப்படைக்கும்போது ஒரே ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் பகுதி வரை நடந்தது, எந்தெந்தப் பிள்ளைக்கு எது இன்னும் பிடிபடவில்லை, எந்த நோட்டுகள் திருத்தாமல் இருக்கின்றன. அதை வாங்கிய பிறகு வருகைச் சான்றில் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
கல்வியியல் கல்லூரிகளில் கற்பித்தல் முறைப் பாடங்கள் நடத்தும் ஆசிரியர்கள் சிலர்