பானைத் தண்ணீர் குளிராத நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்துவிட்டால் எந்த ஊரில் எத்தனை டிகிரி என்ற பட்டியலைத் தினமும் வெளியிடுகிறீர்கள். வேலூர், மதுரை, திருச்சி மேலே இருக்கும்; எங்கள் தூத்துக்குடி பெரும்பாலும் கீழே. ‘உங்க ஊர்ல பரவாயில்லையே’ என்று வெளியூர்ச் சொந்தங்கள் கேட்கிறார்கள். முப்பது ஆண்டுகள் உயிரியல் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியலில் பாதிச் செய்திதான் இருக்கிறது; மீதிப் பாதி காற்றில் உள்ள ஈரம்.

உடம்பு எந்நேரமும் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. உப்பு வாரிச் சுமக்கிற உடம்பில் அது பல மடங்கு. உள்வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டி வைத்திருக்க, மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் ரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது, வியர்வையைத் திறந்துவிடுகிறது. தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. வெளிக்காற்று அதைத் தாண்டிவிட்டால் வியர்வையை விட்டால் வேறு வழியில்லை. வியர்த்தால் மட்டும் போதாது, அது காயவும் வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை காயும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பைவிட்டுப் போகிறது. சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் நீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

மண்பானையும் இப்படித்தான் குளிர்கிறது. கசிந்த நீர் காய்ந்தால்தான் உள்ளே ஜில்லென்று இருக்கும். புழுக்கமான நாளில் பானைத் தண்ணீர் குளிராது. அன்று உடம்பும் குளிராது. உப்பளத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் பாத்தியில் உப்பு விளைவதும் மந்தமாகிவிடும்.

இதை அளக்க ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’ என்று ஓர் அளவு இருக்கிறது: வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்றுப் படும்படி வைத்தால் அது காட்டுகிற வெப்பநிலை. 40 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள ஊரில் அது ஏறத்தாழ 23. வெறும் 35 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 30. அது 35-ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவராலும் நெடுநேரம் தாங்க முடியாது. உழைப்பவருக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து. ஆனால் கடலோரத்தில் வெப்ப அலை என்று அறிவிக்க, 37 டிகிரியும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலும் வேண்டும் என்பது வானிலைத் துறையின் கணக்கு. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது நல்ல காரியம். ஆனால் எங்கள் புழுக்கம் வானிலைத் துறையின் அந்தக் கணக்குக்குள் வருவதே அபூர்வம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெரு அக்கா ஒருவரை உப்பளத்திலிருந்து தூக்கி வந்தார்கள். உடம்பு கொதித்தது, பேச்சு குழறியது. காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துப் போர்வையும் போர்த்தியிருந்தார்கள். காய்ச்சலில் மூளையே வெப்ப இலக்கை உயர்த்திவைக்கிறது. மாத்திரை அதை இறக்கும். அக்காவுக்கு வந்ததோ வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). அதில் இலக்கு மாறுவதில்லை, உடம்பு அதை எட்ட முடியாமல் தோற்கிறது. அங்கே மாத்திரைக்கு வேலையே இல்லை. போர்வையை உருவி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் தண்ணீரே குடித்திருக்கவில்லை. வேலை செய்த இடத்தில் ஒதுங்கக் கழிப்பறை கிடையாது. குடித்தால் எங்கே போவது?

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஊர்ப் பெயருக்கு எதிரே வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும், முடிந்தால் ஈரக்குமிழ் அளவையும் சேர்த்து வெளியிடுங்கள். எங்கள் பக்கத்து டீக்கடைகளில் உங்கள் பத்திரிகையை உப்பளத்துக்காரர்களும் படிக்கிறார்கள், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
தூத்துக்குடி