வீராணத்தின் ஆழம் 47.5 அடி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மழைச் செய்தியில் ‘47.5 அடி ஆழமுள்ள வீராணம் ஏரி’ என்று வந்திருக்கிறது. 47.5 அடி என்பது ஆழமே அல்ல, கடல் மட்டத்தை வைத்துக் கணக்கிடும் முழு நீர்மட்டம். கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி என்று அதே செய்தியின் அடுத்த வரி சொல்கிறது. தென்வடலாகச் சுமார் 16 கிலோமீட்டர் நீண்ட ஏரி இது. சராசரி அகலத்தை 2 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் பரப்பு 34 கோடி சதுர அடி வரும். வகுத்தால் சராசரி ஆழம் நாலேகால் அடி. கீழைக் கரையோரம் கூடும், மேற்கே போகப்போக முழங்காலளவுதான். 47.5 அடி ஆழம் இருந்தால் இந்த ஏரி 16 டி.எம்.சி. (16,000 மில்லியன் கன அடி) பிடிக்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் ஒருவரும் இதை வகுத்துப் பார்க்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

இது இந்த ஒரு செய்தியோடு போவதாக இல்லை. மழைக்காலத்தில் மட்டத்தை 45, 46 அடியில் நிறுத்தினால், ‘நிரப்பாமல் அலட்சியம்’ என்று தலைப்பு வருகிறது. மேலே ஓர் அடி ஏறக் கோடிக்கணக்கான கன அடித் தண்ணீர் வேண்டும். அந்த இடத்தைக் காலியாக வைப்பது கருவாட்டு ஓடைக்காகவும் செங்கால் ஓடைக்காகவும்தான். அரியலூர்ப் பக்கம் கொட்டும் மழையை இவை மேற்கிலிருந்து ஏரிக்குள் தள்ளும்போது, காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் வடவாற்றை அடைத்தாலும் மட்டம் ஏறும். வடவாற்றுக்குக் கீழணையில் ஷட்டர் உண்டு. ஓடைகளுக்கு எந்த ஷட்டரும் கிடையாது. முன்கூட்டியே இடம் விடாவிட்டால் லால்பேட்டையில் உபரிநீரை வெளியேற்றும் வெள்ளியங்கால் ஓடையை ஒரேயடியாகத் திறக்க நேரும். திருநாரையூர், சர்வராஜன்பேட்டை வயல்கள் மூழ்கும். அப்போது ‘ஏரியைத் திறந்ததால் வெள்ளம்’ என்று எழுதுவதும் தாங்களே. இரண்டு தலைப்பும் எப்படிச் சரியாகும்?

‘மழையை நம்பிய ஏரி’ என்றும் ஒருமுறை எழுதினீர்கள். மேட்டூரில் திறந்து, கல்லணை தாண்டி, கொள்ளிடத்தின் குறுக்கே 9 அடி மட்டுமே தேக்கும் கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாறு வழியாக வருகிற காவிரித் தண்ணீர்தான் இந்த ஏரிக்கு உயிர். ராஜராஜன் வெட்டியது என்று வேறு எழுதினீர்கள். வீராணம் என்ற பெயருக்கு மூலமான வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர். அவன் மகன் ராஜாதித்தன் காலத்து ஏரி என்றே இந்தப் பக்கம் சொல்லி வருகிறோம். எப்போது பார்த்தாலும் ‘சென்னையின் குடிநீர் ஏரி’. குழாயில் சென்னைக்குத் தண்ணீர் போகத் தொடங்கியது 2004இல். அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே இதன் மதகுகள் பாய்ச்சி வரும் நிலம் இன்றும் நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல்.

தயவுசெய்து, தினமும் போடும் நீர்மட்டப் பட்டியலில் ‘ஆழம்’ என்பதை எடுத்துவிட்டு ‘நீர்மட்டம்’ என்று போடுங்கள். பக்கத்தில் இருப்பு எத்தனை மில்லியன் கன அடி, வடவாற்று வரத்து எவ்வளவு, ஓடை வரத்து எவ்வளவு என்று மூன்று எண்களைச் சேருங்கள். ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்டுமன்னார்கோவில்