துளையிட்ட பால் டின்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். தீபாவளிக்கு நீ ஜொகூரிலிருந்து வரவில்லை என்ற குறை எனக்கு இன்னும் தீரவில்லை. அந்த வாரம் மகன் என்னை ஈப்போவுக்கு அழைத்துச் சென்று ‘அமரன்’ படத்தைப் பார்க்க வைத்தான்.

2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் பகுதியில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை அது. மறு ஆண்டு குடியரசு நாளில் அவருக்குரிய அசோகச் சக்கர விருதை அவருடைய மனைவி பெற்றுக்கொண்டார். நூறு பேரைத் தனியாளாக வீழ்த்திவிட்டுக் கொடியின் கீழ் நின்று வசனம் பேசும் நாயகர்களைப் பார்த்துச் சலித்த எனக்கு, இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி அந்த மனைவியின் நினைவுகள் வழியாகவே கதையை நகர்த்தியது பிடித்திருந்தது. அவராக நடித்த சாய் பல்லவி அழாமல் நிற்கும் இடங்களில்தான் எனக்குக் கண் கலங்கியது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் என் வயதுக்குச் சற்று அதிகம்.

ஆனால், ராணுவச் சோதனை நடக்கும் ஊரில் குடியிருப்பவர்கள் அப்படத்தில் கூட்டமாக வந்து கூட்டமாகவே போய்விடுகிறார்கள். அரங்கம் கைதட்டிக்கொண்டிருந்தபோது நான் அவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஏனென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் வளர்ந்ததே அப்படியோர் ஊரில்தானே!

1948 ஜூன் 16 அன்று நம் ஊருக்கு அருகிலிருந்த தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவை ஆண்ட பிரிட்டிஷார் கொண்டுவந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்காது என்பதால்தான் அவசரகாலம் என்று பெயரிட்டார்கள் என்பார்கள். பெயர் எதுவானாலும் நம் லயத்து வீட்டு வரிசைகளைச் சுற்றியிருந்த கம்பி வேலி கம்பி வேலிதான். விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்கு முடிந்து ரப்பர் பால்மரம் வெட்டப் புறப்படும் என் அம்மாவின் வாளியையும் மடியையும் வாசலில் தடவிப் பார்த்த பிறகே வெளியே விட்டதும், காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதென்று கடைக்காரர் பால் டின்னைத் துளையிட்டே விற்றதும், அதை ஒழுகாமல் வீடு கொண்டு வந்து சேர்ப்பதே நம் வீரச்செயலாக இருந்ததும் உனக்கு நினைவிருக்கும். வேலிக்கு வெளியே துப்பாக்கியுடன் நின்ற சிறப்புக் காவலர்களில் உன் அப்பாவும் ஒருவர். அவர் சீருடையில் என் அம்மாவைச் சோதித்த நாளில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை என்று அம்மா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அதே காலத்தில்தான் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை, துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். ஆட்சியாளருக்கு அவர் பயங்கரவாதி. லயத்துப் பெரியவர்களுக்கோ கூலி உயர்வு கேட்டுக் கொடுத்த மனிதர். இவற்றையெல்லாம் படத்தோடு எடைபோடுவது முறையன்று என்பதும் எனக்குத் தெரியும். காஷ்மீர் வேறு, மலாயா வேறு. அந்த மேஜரின் துணிவில் எனக்கு ஐயமும் இல்லை. வேலிக்கு உள்ளேயிருந்து எடுத்த படம் ஒன்று தமிழில் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

திரும்பும் வழியில் இதை மகனிடம் சொன்னபோது, “அதில் சண்டைக்காட்சி இருக்குமா அப்பா?” என்று கேட்டான். பால் டின் இருக்கும் என்றேன்.

நீ படத்தைப் பார்த்துவிட்டு எழுது. உன் அப்பாவின் சீருடைப் படம் உன்னிடம் இருந்தால் ஒரு பிரதி எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய லயத்துத் தோழன்