இடது காது

மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்ற இடத்தை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். ஆனால் கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் இரண்டு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை. நாலு மாதமாக இடது காதில் சுவர்க்கோழி கத்துகிற மாதிரி சத்தம், போன் வந்தால் வலது காதுக்கு மாற்றிக்கொள்கிறேன், வயசாகிறதல்லவா என்று.

வயசு என்றால் இரண்டு காதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் மந்தமாகும். ஒன்று மட்டும் தனியாகக் கெட்டால் அதற்குக் காரணம் தேட வேண்டும். இது தெரியாமல் நான் ஒன்றரை வருடத்தை வீணாக்கினேன். நீ கவலைப்படுவாய் என்று உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது சொல்லியே ஆக வேண்டும்.

எனக்கும் இடது காதுதான். மகன் பெங்களூரிலிருந்து பேசுவான். அவன் குரல் என்று தெரியும், வார்த்தை பிடிபடாது. பக்கத்து வீட்டில் ரேடியோ ஓடினால் எப்படி இருக்கும், அப்படி. லைன் சரியில்லை என்று அவனைக் கோபித்துக்கொள்வேன். வலது காதுக்கு மாற்றினால் அதே லைன் கணீரென்று இருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்தால் 'கீ' என்று ஒரே சத்தம். தெருவில் ஹார்ன் கேட்டால் வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பேன்.

தலைசுற்றல் என்று பெரிதாக எதுவும் இல்லை. அதனால்தான் அசட்டையாக இருந்துவிட்டேன். ஆனால் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கம் சாயும். கரண்ட் போன இருட்டில் சுவரைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்க முடியாது. காரணம் காது நரம்பில் ஒரு கட்டி, அது மெதுவாக வளர்வதால் மூளையும் பழகிக்கொள்கிறது, கண் திறந்திருக்கும்வரை தள்ளாட்டம் அவ்வளவாகத் தெரியாது என்று டாக்டர் பிறகு விளக்கினார்.

முதலில் பார்த்த இடத்தில் குறும்பியை எடுத்து, சொட்டு மருந்து கொடுத்து, வயசு என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த ஈ.என்.டி. டாக்டர்தான் ஆடியோகிராம் எடுக்கச் சொன்னார். சின்னக் கண்ணாடி அறை, காதில் ஹெட்போன், சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அதற்கப்புறம் ஒரு பெண் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். வலது காதில் எல்லாம் சரி. இடது காதில் 'பல்' என்றதை 'கல்' என்றேன், 'மரம்' என்றதற்கு விழித்தேன். சத்தம் கேட்கிற அளவுக்குக்கூட வார்த்தை புரியவில்லை என்றதும் காது நரம்பைப் பார்க்க வேண்டும் என்று, படம் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள்.

14 மில்லிமீட்டர் கட்டி. அக்கௌஸ்டிக் நியூரோமா. கட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே உன் தங்கச்சி அழுதுவிட்டாள். புற்றுநோய் இல்லை, வேறு இடத்துக்குப் பரவாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகிற 8-ஆவது நரம்பின் உறையில், அதுவும் பெரும்பாலும் சமநிலைக்கான கிளையில் வருமாம். பக்கத்திலேயே முகத்தின் நரம்பும் ஓடுகிறது. விட்டுவிட்டால் பெரிதாகி முகம் மரத்துப்போகலாம், மூளைத்தண்டை அழுத்தலாம். சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் வழிகள் நிறைய: ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவது, காமா கத்தி என்கிற கதிர்வீச்சு, அறுவை. எனக்கு முதல் வழி. ஆறு மாதம் கழித்து எடுத்ததிலும், போன மாதம் எடுத்ததிலும் வளரவில்லை. போன கேட்கும் திறன் மட்டும் திரும்பாது.

பயப்படாதே. வருடத்துக்கு லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற நோய் இது. உன் சத்தத்துக்குச் சாதாரணக் காரணம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஆடியோகிராம் எடுக்காமல் வயசு என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. இன்னொன்று: ஒரு நாள் எழுந்ததும் அந்தக் காது சட்டென்று அடைத்துப்போனால் நாள் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓடு, ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். மாத்திரையில் சரியாகிவிட்டாலும் ஸ்கேன் எடுத்துவிடு, இந்தக் கட்டியே அப்படியும் தொடங்குவதுண்டு.

இங்கே வந்துவிடேன், நானே கூட்டிப்போகிறேன். சனிக்கிழமை பஸ் ஏறினால் திங்கட்கிழமை காலையில் பார்த்துவிடலாம். திண்ணையில் பேச உட்காரும்போது எனக்கு வலது பக்கமாக உட்கார், மாப்பிள்ளை. நீ சொல்வது ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்