ரீசெட் பொத்தானை அழுத்தியபடி

ஒசாகா
14 செப்டம்பர் 2025

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. காரணம் சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாக ஜெயா அக்கா எழுதியிருந்தார். மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் சைக்கிள் பழகிவிட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் கூட்டத்தில் சால்டரிங் பிடிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். அதனால் இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

போன மாதம் இங்கே மின்னணுக் கடைகள் நிறைந்த நிப்பொன்பாஷியில் 'டிராகன் குவெஸ்ட் 3' என்ற பழைய வீடியோ கேம் வாங்கினேன். நின்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவியில் செருகும் கேசட். 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை வெளியானது. பள்ளிக்கு மட்டம் போட்டு கடை வாசலில் வரிசை கட்டிய பிள்ளைகளைப் போலீசார் பிடித்த கதையை இங்கே இன்றும் சொல்வார்கள். லட்சக்கணக்கில் விற்றது என்பதால் வெறும் கேசட் சில நூறு யென்னுக்கே கிடைக்கும். பெட்டியோடு வந்தால் விலையே வேறு. 'ஹாகோ-செட்சு-ட்சுகி' என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். பெட்டியும் விளக்கப் புத்தகமும் உண்டு என்று பொருள்.

அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் உன் வீட்டு ஞாபகம்தான். நமக்கு வாய்த்தது ஃபாமிகாமின் போலி. பெட்டியில் ஒரு படம், உள்ளே வேறு விளையாட்டு. அந்தப் பெட்டியிலும் உன் அம்மா பொத்தான்களைப் போட்டு வைத்துவிட்டார். இங்கே இருந்த பிள்ளைகளும் அப்படித்தான். வாங்கிய அன்றே பெட்டி குப்பைக்குப் போனது. மெல்லிய அட்டைதானே, யார் காப்பாற்றுவார்கள்? எஞ்சியிருப்பவை எல்லாம் யாரோ ஒருவர் தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தவை. எனக்கு இந்தப் பெட்டிகள் மீது இருக்கும் பிரியத்துக்கு அதுதான் காரணம்.

ஆனால் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. ஜூன் மாத மழைக்காலத்தில் இந்த ஊர்ச் சுவர் அலமாரி நம் ஊர்க் கிணற்றடி போல ஈரம் கோத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன் அலமாரியைத் திறந்தபோது ஒரு விளக்கப் புத்தகம் முழுக்கப் பழுப்புப் புள்ளி, ஸ்டேப்பிள் முள்ளைச் சுற்றித் துரு. வேறொன்றை நானே கெடுத்தேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மலிவான பிவிசி உறையில் போட்டிருந்தேன். அந்த பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் கசிந்து அச்சோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அப்போது தெரியாது. உரித்தபோது படத்தின் பாதி உறையோடு வந்துவிட்டது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இப்போது எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். உறை பாலிப்ரொப்பிலீன். அலமாரித் தரையில் மரச்சட்டப் பலகை போட்டு, சுவரில் படாமல், புத்தகம் போல் நிற்க வைத்திருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கிவிடும். சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும் வைத்திருக்கிறேன். ஐம்பது சதவீதத்துக்கு மேல் போனால் எழுந்து போய் ஈரமுறிஞ்சியைப் போடுகிறேன். ரப்பர் பேண்டுக்கு வீட்டிலேயே தடை. வெயில் அறவே கூடாது.

சரி, அந்த டிராகன் குவெஸ்ட். பெட்டியின் ஒரு மூலை மட்டும்தான் மடங்கியிருந்தது. விளக்கப் புத்தகத்தின் நடுவே நான்காக மடித்த கட்டம் போட்ட தாள் ஒன்று. பென்சிலால் ஒரு குகையின் வரைபடம், புதையல் இருக்கும் இடங்களில் சின்ன வட்டம், ஒரு மூலையில் அழித்து அழித்துப் போட்ட கூட்டல் கணக்கு. கேசட்டின் பின்புறம் மார்க்கரில் ஒரு பையனின் பெயர்.

கேசட்டைச் செருகினேன். முருகேசா, அவன் சேமித்த ஆட்டம் உயிரோடு இருக்கிறது! ஆட்டத்தைச் சேமிக்க இருக்கும் மூன்று இடங்களில் இரண்டு நிரம்பியிருக்கின்றன. முதலாவதில் அவன் பெயர், நான்கு எழுத்து. இரண்டாவதில் இருப்பவர் மிகத் தாழ்ந்த நிலையிலேயே நின்றுவிட்டார். தங்கையோ, அப்பாவோ. 37 வருடமாக கேசட்டுக்குள் இருக்கும் ஒரு லித்தியம் பட்டன் பேட்டரி அவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. கருவியின் ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பதிவு அழியலாம். அப்படி நிறுத்தும்போது என் விரல் நடுங்கியது.

அந்த பேட்டரி இன்று போகலாம், பத்து வருடம் கழித்தும் போகலாம். மாற்றினால் பதிவு போய்விடும், ஏனென்றால் மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் அந்த நினைவகம் வெறுமையாகிவிடும். கேசட்டில் திருகாணி இல்லை. இரண்டு ஓடுகளும் கொக்கி போட்டு அழுந்தியிருக்கின்றன. நெம்பித் திறந்தால் விளிம்பில் தழும்பு விழும். இங்கே எனக்குப் பழக்கமான சேகரிப்பாளர் ஒருவர், திறந்தால் அதன் மதிப்பே போய்விடும், தொடாதே என்கிறார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2021 ஜூலையில் முத்திரை பிரிக்காத 'சூப்பர் மாரியோ 64' ஒன்று அமெரிக்காவில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. பத்துக்கு 9.8 மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற பெட்டியில் அடைத்தது. யாரும் தொடாதது என்பதுதான் அதன் பெருமை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் கையில் இருப்பது ஒரு பையன் தொட்டது. மடங்கிய மூலை, மார்க்கர் எழுத்து, கணக்கு போட்ட தாள், அந்த நான்கெழுத்துப் பெயர் எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பொருள். பெட்டிக்கு ஈரப்பதம் பார்த்துக்கொண்டு உள்ளே இருப்பவனைச் சாக விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே திறப்பது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பதுதான் கேள்வி.

இரண்டு வழி தெரிகிறது. கணினியோடு இணையும் கருவி ஒன்றால் பதிவை நகலெடுத்து, பேட்டரியை மாற்றி, மறுபடி எழுதுவது ஒன்று. பழையதைக் கழற்றும் முன்பே பக்கத்தில் இன்னொரு மூன்று வோல்ட் பேட்டரியை இணையாகக் கொடுத்து, மின்சாரம் அறாமலே மாற்றுவது இன்னொன்று. இரண்டாவதில்தான் என் மனம் நிற்கிறது. ஆனால் சால்டரிங் முனை தப்பான இடத்தில் பட்டு ஷார்ட் ஆனால் எல்லாம் முடிந்தது. முதலில் நகல், பிறகு இணை பேட்டரி என்று இரண்டையும் செய்யலாமா? மின்சாரம் ஒரு பக்கம் மட்டும் பாய இடையில் டையோடு போட வேண்டுமா? சூடு எவ்வளவு? பொறுமையாக, படம் போட்டு எழுது. உன் கையெழுத்துதான் கவலை. மருந்துச் சீட்டு மாதிரி எழுதாதே.

அதைவிட நல்லது, டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, வந்துவிடு. உன் அப்பாவின் ரேடியோ கடையில் இருந்த அந்த மெல்லிய முனை இன்னும் இருந்தால் அதையும் கொண்டு வா. அதுவரை கேசட்டைச் செருக மாட்டேன். பென்சில் தாளை அமிலமில்லாத காகிதத்தில் வைத்துப் பெட்டிக்குள்ளேயே போட்டிருக்கிறேன், அது இருந்த பக்கத்திலேயே.

ஜெயா அக்காவுக்கு என் அன்பு.

உன்
செல்வம்